இடது கோடி

"பந்தைப் பார்க்காதே கண்ணு"
என்றுதான் முதல் நாள் அர்த்தநாரி சொன்னார்.
ஐந்து ரோட்டில் மூன்றாம் மாடி.
கீழே பஞ்சர் கடையின் காற்று மெஷின்
விட்டு விட்டு இருமிக்கொண்டிருந்தது.
அமெரிக்காவில் ஞாயிறு மதியம்.
இங்கே ராத்திரி பத்தரை,
தட்டுவடை செட்டுக்காரர் வண்டியை மூடும் நேரம்.

பந்தைப் பார்க்க அறுபதாயிரம் பேர்
அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.
எனக்குச் சம்பளம்
இடது கோடியில் குனிந்து நிற்கும் ஒருவனைப் பார்க்க.
எண் எழுபத்துநான்கு. நூற்றைம்பது கிலோ.
அவனுக்குப் பின்னால் பந்தை எறிகிறவன்
வலப்பக்கம் பார்த்தபடி பின்வாங்குவான்.
அப்போது அவன் முதுகு
தாழ் போடாத கொல்லைக் கதவு.

பாய்ந்து வருகிறவனை இரண்டரை நொடி நிறுத்தினால் பச்சை.
விட்டுவிட்டால் சிவப்பு.
சட்டையைப் பிடித்து இழுத்தால்
அங்கே மஞ்சள் துணி வீசுவார்கள்,
இங்கே நான் மஞ்சள் பொத்தானைத் தட்டுவேன்.
எழுபத்துநான்குக்குப் பெரும்பாலும் பச்சை.
பச்சை, பச்சை, பச்சை,
ஒரு மணிக்கு மேல்
கொட்டாவி வரவைக்கும் அளவுக்குப் பச்சை.
வர்ணனைக்காரர் அவன் பெயரைச் சொல்லி
நான் கேட்டதில்லை.

"இப்படி ஆள் கிடைக்கறதில்ல" என்பார் அர்த்தநாரி.
உடம்பு இருந்தால் அந்த உடம்புக்குக் கால் ஓடாது.
கால் ஓடினால் கை குட்டை.
இரண்டும் அமைந்தவனுக்கு முழங்கால் பொறுக்காது.
மூன்றும் அமைந்தவனை
எவனாவது கொத்திக்கொண்டு போயிருப்பான்.
என் அம்மா வரன் தள்ளும் காரணங்களை
யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள் என்று
சிரித்தோம், நானும் கோகிலவாணியும்.

அவள்தான் என் கணக்கைச் சரிபார்க்கிறவள்.
பக்கத்து நாற்காலி. ஆவணியில் கல்யாணமாகிப் போய்விட்டாள்.
அப்புறம் வந்தவன் பதினோரு நாளில் ஓசூர் போனான்.
அடுத்தவள் கண்ணைத் திறந்தபடி தூங்கப் பழகியிருந்தாள்.
அதற்கடுத்து யாரும் வரவில்லை.
இரண்டு திரையும் நானே.

ஐப்பசியில் ஒரு ராத்திரி, நல்ல மழை,
ஜன்னலில் சேர்வராயன் மலையே இல்லை.
மூன்றாவது கால் பாகம்.
எழுபத்துநான்கு இரண்டு புள்ளி ஒன்பது நொடி நிறுத்தினான்.
பிறகு யாரோ அவன் வலது காலின்மேல் விழுந்தார்கள்.
எழவில்லை.
நான் பச்சை போட்டேன்.
விதிப்படி பச்சைதான்.
முழங்காலுக்கு எங்கள் கட்டத்தில் இடம் கிடையாது.

அவனிடத்தில் அறுபத்தொன்று வந்தான்.
சிவப்பு. சிவப்பு. மஞ்சள்.
நாலாவது முறை
அந்தக் கொல்லைக் கதவு வழியாக ஒருவன்
தட்டாமல் கொள்ளாமல் உள்ளே நுழைந்தான்.
எறிகிறவன் மடங்கி விழுந்தான்.
அப்போதுதான் முதல் தடவையாகப் பந்தைப் பார்த்தேன்:
பெரிய பலாக்கொட்டை மாதிரி
புல்லில் தனியாகக் கிடந்தது.
இவ்வளவுதானா என்றிருந்தது.

அடுத்த ஞாயிறு வேறு ஒருவன்,
அதற்கடுத்த ஞாயிறு
ஓய்வு பெற்றுப் பண்ணை பார்த்துக்கொண்டிருந்த
முப்பத்தெட்டு வயதுக்காரன்,
மறுபடி அறுபத்தொன்று.
வாடிக்கையாளரிடம் எங்கள் மேலாளர்
போனில் சொல்லிக்கொண்டிருந்தார்:
"ராத்திரி ஷிஃப்டுக்கு நம்பகமான கண்
கிடைக்கிறதே இல்லை சார்."
நான் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றவில்லை.

கார்த்திகையில் ஒரு துண்டுக் காட்சி.
கேமரா தவறிப்போய்
கோட்டுக்கு வெளியே இரண்டு நொடி நின்றுவிட்டது.
அக்குளில் கட்டைகளோடு எழுபத்துநான்கு,
சட்டையில் எண் இல்லை.
உள்ளே பந்து கைமாறிய கணத்தில்
அவன் நல்ல கால், இடது கால்,
அரை அடி பின்னால் நகர்ந்து
மண்ணில் ஊன்றியது.

பின்னுக்கு இழுத்துப் பார்த்தேன்.
ஆமாம், அரை அடி.
மறுபடி.
தூரத்தில் ஏற்காடு இறங்கும் முதல் பேருந்து
வளைவுக்கு வளைவு விளக்கைக் காட்டி மறைந்தது.

"எங்க பார்த்துட்டிருக்க?" என்றார் அர்த்தநாரி.
இடது கோடிக்குத் திரும்பினேன்.
அறுபத்தொன்று.
ஒன்று புள்ளி எட்டு நொடி.
சிவப்பு.